பரிசு வாங்காத 179 பேருக்கான பாராட்டுத் திட்டம்

கேள்வி: கோவையில் 180 பேர் வேலை செய்யும் பம்ப்செட் தொழிற்சாலையில் எச்.ஆர். பொறுப்பில் இருக்கிறேன். மாதாமாதம் ‘சிறந்த ஊழியர்’ ஒருவரைத் தேர்ந்தெடுத்து நோட்டீஸ் போர்டில் போட்டோ போடுகிறோம். முழு வருகைக்கு மாதம் 750 ரூபாய் தருகிறோம். இரண்டாலும் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஆட்கள் விலகுவதும் குறையவில்லை. பரிசு, பாராட்டுக்கென்று இந்த ஆண்டு எம்.டி. 6 லட்சம் ஒதுக்கியிருக்கிறார். மொபைல் ஆப் வாங்கிப் பாயின்ட் கொடுக்கலாமா, வேறு எப்படி அமைக்கலாம்?

பதில்:

உங்கள் நோட்டீஸ் போர்டிலிருந்தே தொடங்குகிறேன். மாதம் ஒருவர் என்றால் 180 பேருக்கும் ஒரு முறை வாய்ப்பு வந்து முடிய 15 ஆண்டு ஆகும். இந்தக் கணக்கு எல்லாருக்கும் மனசுக்குள் தெரியும். அதனால் கொஞ்ச நாளில் சூப்பர்வைசர்களே ‘போன மாசம் வைண்டிங், இந்த மாசம் ஃபவுண்டரி’ என்று முறை வைத்துக் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அதன்பின் தனக்கு ஏன் கிடைத்தது என்று போட்டோவில் இருப்பவருக்கே சொல்லத் தெரியாது. மற்ற 179 பேர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கல்யாணச் சமையல் எப்படி என்று முதல் பந்தியில் உட்கார்ந்தவரைக் கேட்டால் போதாது, கடைசிப் பந்தியைக் கேட்க வேண்டும். பரிசுத் திட்டத்துக்கும் அதுவே அளவுகோல். வாங்கியவர் சந்தோஷப்பட்டாரா என்பது சின்ன விஷயம். வாங்காதவர் மறுநாள் காலை என்ன மனநிலையில் மெஷின் முன்னால் நிற்கிறார் என்பதுதான் பெரிது. கீழே நான் சொல்வது எல்லாம் அவர் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்வது.

இதற்கு ஆய்விலும் ஆதாரம் இருக்கிறது. பிராட்லர், டூர், நெக்கர்மன், நோன் என்ற நான்கு பொருளியலாளர்கள் ஜெர்மனியில் செய்த சோதனை 2016-இல் வெளியானது. 300-க்கும் மேற்பட்டவர்களை மூன்று மணி நேர டேட்டா என்ட்ரி வேலைக்கு எடுத்தார்கள். எட்டு எட்டுப் பேராகப் பிரித்து, முன்கூட்டி எதுவும் சொல்லாமல், பாதி வேலையில் சில குழுக்களில் எல்லாருக்கும் நன்றி அட்டை கொடுத்தார்கள், சில குழுக்களில் நன்றாகச் செய்தவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். நன்றாகச் செய்த முதல் மூவருக்குக் கொடுத்த இடத்தில்தான் வேலை அதிகம் கூடியது. அந்தக் கூடுதல் பெரும்பாலும் அட்டை வாங்காதவர்களிடமிருந்து வந்தது. எட்டில் மூன்று பேர் என்பது எட்டிப் பிடிக்கக்கூடிய தூரம். வாங்கியவர் உண்மையிலேயே நன்றாகச் செய்தவர் என்பதும் பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் கொடுத்தால் மதிப்புப் போய்விடுகிறது, 180-இல் ஒருவருக்குக் கொடுத்தால் நம்பிக்கை போய்விடுகிறது. நீங்கள் தேட வேண்டியது நடுவில் இருக்கும் அந்த இடத்தை.

அடுத்து அந்த 750 ரூபாய். நம் ஊரில் ஸ்பின்னிங் மில்லிலிருந்து ஃபவுண்டரி வரை அட்டெண்டன்ஸ் போனஸ் இல்லாத இடம் குறைவு. ஆனால் அதைச் சரியாக யோசித்து வைத்த இடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அமெரிக்காவில் ஒரு சலவை நிறுவனத்தின் ஐந்து ஆலைகளில் ஒன்றில் இதே மாதிரி ஒரு திட்டம் வந்தது. அதை கப்ளர், லார்கின், பியர்ஸ் மூவரும் ஆராய்ந்து 2016-இல் எழுதினார்கள். மாதம் முழுக்கத் தாமதமும் சொல்லாத லீவும் இல்லாதவர்களின் பெயர்களைக் குலுக்கிப் போட்டு, ஒருவருக்கு 75 டாலர் பரிசு அட்டை. தாமதம் முதலில் குறைந்தது உண்மைதான். ஆனால் தாமதமாகப் போனால் தகுதி போய்விடும் என்று, உடம்பு சரியில்லை என்று போன் செய்து லீவு எடுப்பது கூடியது. ஒரு நாள் தவறியவருக்கு அந்த மாதம் மீதி நாளில் அக்கறை போய்விட்டது. எனக்கு மிகவும் உறுத்திய முடிவு இது: பரிசு இல்லாத காலத்திலேயே ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களின் வேலைத்திறன் 6 முதல் 8 சதவீதம் குறைந்தது. ஆலை மொத்தத்தின் உற்பத்தித்திறனும் 1.4 சதவீதம் இறங்கியது. தாங்கள் இத்தனை நாள் யாரும் கேட்காமலே செய்ததை நிர்வாகம் கவனிக்கவில்லை, அடிக்கடி தவறுபவரைச் சரிக்கட்டத்தான் காசு வருகிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் 750 ரூபாயும் மாதத்தின் 3-ஆம் தேதி ஒருவருக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றோடு முடிந்துவிடுகிறது. மீதி 27 நாளுக்கு அந்தத் தொகை அவரை எதற்கும் தூண்டாது, கசப்பைத்தான் தரும். அதற்காக இதைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது. அந்தப் பணம் ஏற்கெனவே அவர்கள் வீட்டு வாடகைக் கணக்கில் சேர்ந்துவிட்டது. சட்டப்படியும், வழக்கமாகக் கொடுக்கும் சலுகையை விலக்க 21 நாள் நோட்டீஸ் வேண்டும். 1947 தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு அப்படிச் சொன்னது, 2020 தொழில் உறவுத் தொகுப்பிலும் அது இருக்கிறது. என் யோசனை: தொகையைக் குறைக்காமல் நாள் கணக்குக்கு மாற்றுங்கள். வந்த நாளுக்கு உண்டானது கையில் சேரட்டும். முந்தைய நாள் இரவுக்குள் லைன் லீடருக்குச் சொல்லிவிட்டு எடுக்கும் லீவுக்குப் பிடித்தம் வேண்டாம். உங்கள் உற்பத்தியைக் கெடுப்பது லீவு இல்லை, சொல்லாமல் எடுக்கும் லீவு. இதைப் பாராட்டுப் பட்ஜெட்டிலிருந்து எடுத்து சம்பளக் கணக்கில் வையுங்கள், அது அங்கேதான் சேர வேண்டியது.

தீபாவளி போனஸையும் இந்த 6 லட்சத்தோடு சேர்த்துப் பேசாதீர்கள். 1965 போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வைத்தது. 2019 ஊதியத் தொகுப்பிலும் அதே இரண்டு எண்கள்தான். 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது சட்டம் கணக்கில் எடுக்கும் சம்பளத்தில் ஒரு மாத அளவு. அது தொழிலாளி உரிமையாகப் பெறுவது. அதை மேடை போட்டுப் பரிசு மாதிரி கொடுக்கும்போது வாங்குபவர் முகம் எப்படி இருக்கிறது என்று ஒரு முறை கவனித்துப் பாருங்கள். ஓ.டி.க்கு இரட்டிப்புச் சம்பளம் சரியாக வருகிறதா, பி.எஃப். பணம் மாதாமாதம் கட்டப்படுகிறதா, இ.எஸ்.ஐ. அட்டை எல்லாரிடமும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இவற்றில் ஒன்று பாக்கி இருந்தாலும் பாராட்டு எடுபடாது. ஆட்கள் விலகுவது குறையவில்லை என்கிறீர்கள். பக்கத்துத் தொழிற்சாலை மாதம் 2,000 ரூபாய் கூடக் கொடுக்கிறது என்பதுதான் காரணம் என்றால், எந்தப் பரிசும் அதைத் தடுக்காது. எம்.டி.யிடம் இதை நேராகச் சொல்லிவிடுவது உங்கள் கடமை.

சரி, 6 லட்சத்தை என்ன செய்வது? ஆளுக்கு ஆண்டுக்கு 3,333 ரூபாய் வருகிறது. சின்னத் தொகைதான். ஆனாலும் நான் இதில் பெரும்பகுதியைத் தனி ஆளுக்குக் கொடுக்க மாட்டேன்.

பாராட்டில் காசே தேவைப்படாத ஒரு பகுதி இருக்கிறது, முதலில் அதைக் கட்டுங்கள். ஆடம் கிராண்டும் பிரான்செஸ்கா ஜினோவும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்டு போன் செய்யும் ஊழியர்களிடம் மேலதிகாரி ஒருவர் நேரில் வந்து நன்றி சொன்னார். அந்த வாரம் அவர்கள் செய்த அழைப்புகள் 50 சதவீதத்துக்கும் மேல் கூடின. நம் சூப்பர்வைசர்கள் பெரும்பாலும் பாராட்டப்படாமலே வளர்ந்தவர்கள், அதனால் திட்டும் சொல் வாயில் வருமளவுக்கு நன்றிச் சொல் வராது. இது பழக்கத்தால் வருவதுதான். ஒவ்வொரு சூப்பர்வைசருக்கும் அடிக்கட்டை உள்ள ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கொடுங்கள். வாரம் இரண்டு பேரைப் பற்றி, என்ன செய்தார், அதனால் என்ன தப்பியது என்று இரண்டு வரி எழுதி, தாளைக் கிழித்து அவர் கையில் கொடுக்க வேண்டும். ‘நல்லா வேலை செய்யறீங்க’ என்பது கணக்கில் வராது. ‘செவ்வாய்க்கிழமை டெஸ்ட் பெஞ்சில் சீல் கசிவதைப் பார்த்து அந்த லாட்டையே நிறுத்தினீங்க, இல்லைன்னா 40 மோட்டார் கஸ்டமர்கிட்ட போயிருக்கும்’ என்பது கணக்கில் வரும். பக்கத்தில் நிற்பவரும் அதைக் கேட்கிறார், இங்கே எதற்கு மதிப்பு என்று தெரிந்துகொள்கிறார். வாங்காதவருக்கு இதுதான் கிடைக்கும் பயன்.

ஃபவுண்டரியில் பீகார், ஒடிசா ஆட்கள் இருப்பார்கள். அவர்களுக்கு எழுதுவதை இந்தியிலோ ஒடியாவிலோ எழுத யாரையாவது பிடியுங்கள். புரியாத மேடையில் கைதட்டல் வாங்குவதால் ஒருவருக்கு என்ன கிடைக்கும்? கான்ட்ராக்ட் தொழிலாளர்களையும் சேருங்கள். ஒரே லைனில் ஒரே வேலை செய்யும் இருவரில் ஒருவருக்கு மட்டும் தகுதி உண்டு என்றால், அந்தத் திட்டம் தொடங்கும் நாளே ஒரு அநீதியோடு தொடங்குகிறது. சூப்பர்வைசர் ஒருவருக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்துவையுங்கள். நல்ல காரியம் ஒன்று நடந்த அன்றே, அந்த ஆளின் பெயரைச் சொல்லி, லைன் முழுக்க ஸ்வீட், காரம், காபி வாங்கிக் கொடுக்கட்டும். பத்து சூப்பர்வைசர் என்றால் ஆண்டுக்கு 60,000 ஆகும். ஒருவர் செய்ததற்கு எல்லாரும் சாப்பிடுகிறார்கள், அவர் மேல் பொறாமை வர வழியில்லை.

பெரிய தொகையில் ஒன்றரை லட்சத்தை யோசனைத் திட்டத்துக்கு ஒதுக்குவேன். டொயோட்டா 1951-இல் தன் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. எய்ஜி டொயோடா அதற்கு முந்தைய ஆண்டு ஃபோர்டின் ஆலையைப் பார்த்துவிட்டு வந்ததன் விளைவு அது. நம் பக்கத்தில் சென்னை பாடியில் இருந்த சுந்தரம்-கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவு 1998-இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவில் அதை முதலில் வாங்கிய நிறுவனம் அது. அங்கேயும் தொழிலாளர் பங்கேற்பும் யோசனைகளும் அந்தத் தர முறையின் மையத்தில் இருந்தன. இந்த மாதிரித் திட்டங்கள் பல இடங்களில் ஒரு பூட்டுப் போட்ட பெட்டியாக முடிந்துபோவதற்குக் காரணம் பரிசுத் தொகை குறைவு என்பதல்ல, பதில் வராததுதான். எழுதிப் போட்டவர் இரண்டு மாதம் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த முறை எழுத மாட்டார்.

அதனால் பெட்டியை வைக்கும் முன் ஒரு விதியை வையுங்கள்: ஏழு நாளில் பதில். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று மெயின்டனன்ஸ் என்ஜினியர் அவரிடம் மெஷின் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். முடியும் என்றால், செய்து பார்க்கும்போது அவரையும் கூட நிறுத்த வேண்டும். நடைமுறைக்கு வந்த ஒவ்வொரு யோசனைக்கும், சிறிதோ பெரிதோ, 250 ரூபாய். பெரிய மிச்சம் வருபவற்றுக்கு ஆண்டு முடிவில் தனியாகப் பார்க்கலாம். யோசனை எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் லைன் லீடர் எழுதிக்கொள்ள வேண்டும், பெயர் சொன்னவருடையதாகவே இருக்க வேண்டும். இன்னொரு முக்கியமான இடம் சூப்பர்வைசர். கீழே இருப்பவர் யோசனை சொன்னால் ‘இத்தனை நாள் நீ என்ன செய்தாய்’ என்று மேலே இருந்து கேள்வி வரும் என்று அவர் பயப்படுகிறார், அதனால்தான் பல யோசனைகள் அவர் மேசையிலேயே நின்றுவிடுகின்றன. அவர் பிரிவிலிருந்து வந்து நடைமுறையான யோசனைகளின் எண்ணிக்கையை அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் நல்ல அம்சமாகச் சேருங்கள். பெட்டி தானாக நிரம்பும்.

அடுத்து 2 லட்சத்து 40 ஆயிரத்தைக் குழுப் பரிசாக, காலாண்டுக்கு 60,000 என்று வையுங்கள். ஒரு எச்சரிக்கை: பிரிவு பிரிவாகப் போட்டி வைக்காதீர்கள். ஃபவுண்டரிக்கு டன் கணக்கில் பரிசு என்று வைத்தால் ப்ளோ ஹோல் (உள்ளே காற்று தங்கி விழும் ஓட்டை) உள்ள காஸ்டிங்கும் சேர்ந்து வரும். அது மெஷின் ஷாப்பில் முக்கால்வாசி கடைந்த பிறகுதான் தெரியும். அதற்குள் மெஷின் நேரமும் டூலும் வீண், இரண்டு பிரிவுக்கும் சண்டை. ஃபவுண்டரி, மெஷின் ஷாப், அசெம்பிளி மூன்றையும் சேர்த்து ஒரே அளவுகோல் வையுங்கள்: வார்த்த காஸ்டிங்கில் எத்தனை சதவீதம் டெஸ்ட் பெஞ்சைத் தாண்டி பேக்கிங்குக்குப் போனது என்பது போல. இலக்கை எட்டினால் எல்லாருக்கும் சமமாக. தொகை சிறியதாக இருந்தாலும் ஃபவுண்டரிக்காரர் மெஷின் ஷாப்புக்கு நடந்து போய் ‘எந்த மோல்டில் பிரச்சினை வருது’ என்று கேட்பார். அந்த நடைக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

அளவுகோல் தவறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2016-இல் அம்பலமான வெல்ஸ் ஃபார்கோ வங்கி விவகாரம் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்ற இலக்கும் நெருக்கடியும் ஊழியர்களைப் பொய்க் கணக்குகள் திறக்கும் அளவுக்குத் தள்ளின. 18.5 கோடி டாலர் அபராதம், சுமார் 5,300 பேர் வேலைநீக்கம். உங்கள் சேல்ஸ் ஆட்களுக்குப் பரிசு வைப்பதாக இருந்தால், பில் போட்டதை விட்டுவிட்டு, பணம் வசூலாகி, ஆறு மாதத்தில் புகார் வராததைக் கணக்கில் எடுங்கள். பாதுகாப்புக்கும் இதே கவனம் வேண்டும். ‘விபத்தில்லாத 100 நாள்’ என்று பரிசு வைத்தால், கையில் சுட்டுக்கொண்டவர் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு வேலை செய்வார். மயிரிழையில் தப்பியதை வந்து சொன்னவருக்கு நன்றி சொல்லுங்கள்.

நீண்டகாலச் சேவைக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். 5, 10, 15, 20, 25 ஆண்டு முடித்தவர்களுக்கு ஆயுத பூஜை அன்று, குடும்பத்தை அழைத்து. வெள்ளிப் பொருள் நம் வீடுகளில் நிற்கும், கம்பெனி பெயர் பொறித்த ஷீல்டு பரணுக்குப் போகும். என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்டால் இன்னும் நல்லது. ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்ட உதவினால் போதும் என்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். 2022-இல் சென்னையில் ஐடியாஸ்2ஐடி நிறுவனம் 100 ஊழியர்களுக்குக் கார் கொடுத்ததும், கிஸ்ஃப்ளோ ஐந்து பேருக்கு பி.எம்.டபிள்யூ. கொடுத்ததும் உங்கள் எம்.டி.க்கு நினைவில் இருக்கலாம். பல ஆண்டு கூட நின்றவர்களுக்குச் செல்வத்தில் பங்கு கொடுப்பது நல்ல காரியம், நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது லாபப் பங்கீடு. அன்றாட வேலையை அன்றன்று கவனித்துச் சொல்வதன் இடத்தை அது பிடிக்காது. மீதி 30,000 ரூபாய் அச்சு, விழாச் செலவுக்கு.

வரியை ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுங்கள். ரொக்கமாகக் கொடுப்பது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். பொருளாகக் கொடுக்கும் அன்பளிப்புக்கு ஆண்டு விலக்கு வரம்பு ஒன்று உண்டு, 1962 விதிகளில் அது 5,000 ரூபாய். இப்போது நடப்பில் உள்ள வரம்பை அவரிடம் கேட்டு வையுங்கள். ஜி.எஸ்.டி.யில் ஒரு ஊழியருக்கு ஓர் ஆண்டில் 50,000 ரூபாய் வரையிலான அன்பளிப்பு விற்பனை வழங்கலாகக் கருதப்படாது.

நோட்டீஸ் போர்டை எடுத்துவிட வேண்டாம், அதில் இருப்பதை மாற்றுங்கள். ஜாம்பியா தலைநகர் லுசாகாவில் எச்.ஐ.வி. தடுப்புக்காக முடிதிருத்துவோர் மூலம் ஆணுறை போன்ற பெண்களுக்கான உறைகளை விற்கும் திட்டம் நடந்தது. சிலருக்கு விற்பனையில் கமிஷன். சிலருக்குக் காசு இல்லை, கடைச் சுவரில் ஒரு பெரிய அட்டை, விற்கும் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு நட்சத்திரம். அஷ்ரஃப், பண்டியேரா, ஜாக் 2014-இல் வெளியிட்ட முடிவின்படி, நட்சத்திரம் வைத்தவர்கள் மற்றவர்களைவிட இரு மடங்கு விற்றார்கள். உங்கள் போர்டிலும் ஒருவர் போட்டோவுக்குப் பதில் லைன் வாரியாக எல்லார் பெயரும் இருக்கட்டும். நடைமுறையான யோசனைக்கு ஒரு நட்சத்திரம், இன்னொருவருக்கு வேலை கற்றுக்கொடுத்ததற்கு ஒன்று. வரிசை எண் போடாதீர்கள். கடைசி இடம் என்று ஒன்று எழுதப்படாதவரை யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

ஆப் வேண்டுமா என்று கேட்டீர்கள். ஷாப் ஃப்ளோரில் போனை லாக்கரில் வைத்துவிட்டு வேலைக்கு நிற்பவருக்கு அது எட்டாது. பாயின்ட்டைச் சேர்த்து எதையோ வாங்குவது கடைசியில் கடை வியாபாரமாகிவிடும். அதற்குக் கட்டும் சந்தாப் பணத்தைச் சூப்பர்வைசர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்கச் செலவிடுங்கள்.

ஆறு மாதம் கழித்து ஒரு பட்டியல் எடுங்கள். சூப்பர்வைசர்கள் இதுவரை எழுதிக் கொடுத்த நன்றிச் சீட்டுகளின் அடிக்கட்டையைப் பிரிவு, ஷிஃப்ட், ஆண்-பெண், நிரந்தரம்-கான்ட்ராக்ட், மொழி என்று பிரித்துப் பாருங்கள். நைட் ஷிஃப்டுக்கும், வைண்டிங் பெண்களுக்கும், கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற பங்கு வந்திருக்கிறதா? வரவில்லை என்றால் அந்தச் சூப்பர்வைசரோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். பிறகு ஒரு சீட்டுகூட வாங்காதவர்களின் பெயர்களை எடுத்து, அவர்களில் பத்துப் பேரிடம் நீங்களே கேன்டீனில் உட்கார்ந்து கேளுங்கள்: இங்கே நன்றாக வேலை செய்தால் யாராவது கவனிக்கிறார்களா? அவர்கள் சொல்வதை வைத்து அடுத்த ஆறு மாதத்துக்கான பணத்தைப் பிரியுங்கள்.